மச்சில் விரித்த ரப்பர்

ஆவுடையம்மாள் கொடுத்த கெடு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு மணி. அந்த ஞாயிறு விடிந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். தென்காசியில் அவர்கள் வீட்டுப் பூஜை அறைக்கு நேர் மேலே மச்சு அறை. தினமும் காலை ஆறு மணிக்கு மகன் கோமதிநாயகம் அங்கே இரும்புக் கம்பியில் தட்டுகளைக் கோத்துத் தலைக்கு மேல் தூக்குவான். பிறகு தொப்பென்று தரையில் போடுவான். கீழே விளக்குச் சுடர் துள்ளும். போன திங்கட்கிழமை கட்டைவிரல் அளவு காரை பெயர்ந்து நேராக நடராஜர் தலையில் விழுந்தது.

"ஒண்ணு சத்தம் நிக்கணும். இல்லேன்னா என் தங்கச்சி குடும்பம் கல்லிடைக்குறிச்சியிலேந்து திங்கக்கிழமை குத்தால சீசனுக்கு வருது, மச்சை அவங்களுக்கு ஒழிச்சுக் குடுத்திரணும். அந்த இரும்புச் சவத்தைத் தொழுவத்துல தள்ளுங்க" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

தீர்ப்பைக் கேட்டு கோமதிநாயகம் தோளைக் குலுக்கினான். தூக்கம் போனது அவன் மனைவி முத்துவடிவுக்கு.

ஏன் என்று அந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். மாமியார் தினமும் பத்தரை மணிக்குக் காசிவிசுவநாதர் கோயில் உச்சிக்கால பூஜைக்குக் கிளம்பிவிடுவாள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற மாமனார் சங்கரலிங்கம் பேப்பரை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு முன்னறையில் தூங்கிப்போவார். சரியாகப் பதினோரு மணிக்கு முத்துவடிவு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மச்சுக்கு ஏறுவாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், பெருக்கப் போன இடத்தில், விளையாட்டாகத் தூக்கிப் பார்த்ததுதான். புருஷன் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "முதுகை வளைக்காதே வடிவு, இடுப்பை இறக்கு" என்று மட்டும் சொன்னான். அன்று இருபது கிலோ. இப்போது நாற்பது.

குடத்தைத் தூக்கினால் வீட்டுக்குத் தண்ணீர் வரும். நெல்மூட்டையை நகர்த்தினால் அறை சுத்தமாகும். இந்தக் கம்பியைத் தூக்கினால் ஒன்றும் வராது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. இருபத்தாறு வயதில் முதல் தடவையாக, யாருக்கும் பயன்படாத ஒரு காரியத்தை அவள் செய்துகொண்டிருந்தாள். தலைக்கு மேல் கம்பி நிற்கும் அந்த இரண்டு நொடியில் அவள் யாருடைய மருமகளும் இல்லை.

வீட்டில் சொன்னால் யாரும் அடிக்கப் போவதில்லை. "எதுக்கு?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

தொழுவத்தில் பகலெல்லாம் ஆள் நடமாட்டம். மச்சு போனால் பதினோரு மணியும் போய்விடும்.

தரைக்கு ரப்பர் விரித்தால் சத்தம் அடங்கும் என்று கண்டுபிடித்தவன் கோமதிநாயகம். மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு எழுதிப் போட்டான். வந்த விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, மின்வாரிய குமாஸ்தாவான தன் மூன்று மாதச் சம்பளத்தைக் காலில் போட்டு மிதிக்க முடியாது என்று மடித்து வைத்துவிட்டான்.

வழி காட்டியவள் அடுத்த தெருவில் ஜாக்கெட் தைக்கும் மெஹர் பானு. "ஏளா வடிவு, இதுக்கா அழுத? மலையைத் தாண்டினா புனலூர். அங்கன ரப்பர் மரத்துலயே காய்க்குது. எங்க அண்ணன் லாரி வாரத்துக்கு ரெண்டு நடை போகுதுல்லா?"

குமிழி விழுந்தது, மரப்பட்டைத்தூள் ஒட்டியது என்று கழித்துப்போட்ட ரப்பர் ஷீட்டுகள், ஒரு கைத்தறிச் சேலையின் விலைக்கு, மூன்று கட்டுகளாக நேற்றே மெஹர் வீட்டில் வந்து இறங்கிவிட்டன.

மீதி வேலை வீட்டைக் காலி செய்வது.

"சாரல் நல்லா அடிக்குது. குத்தாலத்துக்குப் போயிட்டு வருவோம்" என்று கோமதிநாயகம் காலையிலேயே ஆரம்பித்தான். அப்பாவையும் அம்மாவையும் எட்டு மணி பஸ்ஸில் ஏற்றினான்.

"ஏட்டி, நீ வரலையா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"தலைவலி அத்தை."

"அருவியில தலையைக் குடுத்தா எந்தத் தலைவலியும் ஓடிரும்" என்று சொல்லிக்கொண்டே மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் திரும்பியதும் முத்துவடிவு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் தள்ளுவண்டியோடு மெஹர் பானு நின்றிருந்தாள்.

இரண்டு பேருமாகக் கட்டுகளை மச்சுக்கு ஏற்றினார்கள். பிரித்ததும் முத்துவடிவு அசந்துபோனாள். ரப்பர் என்றால் கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இதுவோ தேன் நிறம். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவியது. உருளையில் பிழிந்த கட்டம் கட்டமான வரிகள் பாய் நெசவு போல இருந்தன.

மெஹர் பானு அவள் முகத்தையே பார்த்தாள். "வாசம் எப்படி இருக்கு?"

முத்துவடிவு நன்றாக மூச்சை இழுத்தாள். "புகை வாசம். கொஞ்சம் புளிப்பு. வேற ஒண்ணுமில்லையே. ஏன் கேக்க?"

"சும்மாதான்" என்று மெஹர் குனிந்துகொண்டாள்.

முட்டைகூட நுழையாத வீட்டில் பிறந்து, முட்டைகூட நுழையாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று மெஹருக்குத் தெரியவில்லை. சொன்னால் வேலை நின்றுவிடும் என்ற பயமும் இருந்தது.

சாரல் காலம். சிமெண்டுத் தரை வேர்த்துக் கிடந்தது. ஈரத்தின் மேல் விரித்தால் பூசணம் பிடிக்கும் என்று மெஹரின் அண்ணன் சொல்லியனுப்பியிருந்தார். கரி போட்ட குமுட்டி அடுப்பைக் கொண்டுபோய் வைத்து அறையைக் காயவைத்தார்கள். அடியில் நெல் சாக்குகள். அதன்மேல் ஷீட்டுகளை, கொத்தனார் செங்கல் அடுக்குகிற மாதிரி, ஒன்றின் இணைப்பு மற்றதன் நடுவில் வரும்படி வைத்தார்கள். கம்பி விழுகிற இடத்தில் மட்டும் ஆறு அடுக்கு.

"ஒட்டுறதுக்குப் பசை?" என்றாள் முத்துவடிவு.

"தையக்காரியை வச்சுக்கிட்டுப் பசை தேடுதியே!" மெஹர் இடுப்பிலிருந்து கோணி ஊசியை எடுத்தாள். சணலைக் கோத்து ஓரங்களைப் பிடித்து ஓட்டுத்தையல் போட ஆரம்பித்தாள். ஊசி ரப்பரில் ஏறுவதற்கு அடம்பிடித்தது. இறங்கும்போது 'கிரீச்' என்றது. "கல்யாணப் பொண்ணுக்கு ஜாக்கெட் தச்சேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு யூனிபாரம் தச்சேன். தரைக்குச் சட்டை தைக்கது இதுதான் மொத தடவை."

முக்கால்வாசி தைத்ததும் ஏறி நின்றால் பாதம் ஒட்டியது. கச்சா ரப்பர் அப்படித்தான் இருக்கும் போலிருந்தது. முத்துவடிவு கீழே ஓடிப்போய் மாமியாரின் புது பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து முழுவதையும் கவிழ்த்துத் தடவினாள். ஒட்டுவது நின்றது. அறை முழுக்க மல்லிகைப் பவுடரும் புகையும் கலந்து ஒரு புது வாசம் எழுந்தது.

வெறுங்காலோடு நடுவில் நின்று லேசாகக் குதித்துப் பார்த்தாள். தரை அவளை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தது. இந்த வீட்டில் வந்த நாளாய் எதன் மேலும் இப்படிக் குதித்ததில்லை என்று அப்போதுதான் நினைத்துக்கொண்டாள்.

குற்றாலத்தில் கோமதிநாயகத்தின் பாடு பெரும்பாடாக இருந்தது.

அம்மா பெண்கள் பக்கம் போய்விட்டாள். அப்பாவை நிறுத்திவைப்பதுதான் கஷ்டம். முப்பது வருஷம் கொடியசைத்து வண்டியை அனுப்பியவர். குளித்தோமா, துவட்டினோமா, கிளம்பினோமா என்று இருப்பார்.

"இன்னொரு தடவை எண்ணெய் தேச்சுக்கிடுங்கப்பா."

"ஏலே, இப்பதானே தேச்சான்? என்னைய பஜ்ஜி போடப் போறியா?"

எண்ணெய்க்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு கை எண்ணெயை அவர் முதுகில் அறைந்தார். சங்கரலிங்கம் மறுபடியும் அருவிக்குப் போக வேண்டியதாயிற்று. வந்ததும் மங்குஸ்தான் பேரம் பேசினான் மகன். ஒரு கடையில் வாங்கினால் போயிற்று. ஏழு கடை ஏறி இறங்கினான். ஆவுடையம்மாள் ஈரத்தலையோடு பல் கிட்டிக்க நின்றாள்.

"நாயகம், உனக்கு என்னலே கோட்டி பிடிச்சிருக்கா? பழத்துக்குப் பொண்ணு பாக்குத மாதிரி பாக்கே!"

இதற்கு மேல் தாங்காது என்று அவனுக்குப் புரிந்தது. ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தார்கள்.

வீட்டுக்குள் காலை வைத்த ஆவுடையம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மூக்கு இரண்டு தடவை விரிந்து சுருங்கியது. சட்டென்று முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள்.

"சிவ சிவா! கருவாடு!"

முத்துவடிவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த கணம், காலையில் மெஹர் தன் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தாள் என்பது விளங்கியது.

மாமியார் வாசத்தின் வழியே படியேறினாள். பின்னாலேயே எல்லோரும் ஏறினார்கள். மச்சு அறையில் கடைசித் தையலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மெஹர் பானு எழுந்து நின்றாள். ஆவுடையம்மாளின் பார்வை மெஹரின் மேல் விழுந்து, அவள் காலடியில் இருந்த சாக்குப்பைக்குப் போய், மறுபடி அவள் முகத்துக்கு வந்தது.

அந்தப் பார்வை என்ன கேட்டது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

முத்துவடிவு வாய் திறப்பதற்குள் மெஹரே பேசினாள். "ஆச்சி, நல்ல கருவாடு கிடைச்சா நான் ஏன் உங்க மச்சுல கொண்டாந்து விரிக்கேன்? எங்க வீட்ல அடுப்பு இல்லையா?"

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தான்.

"அத்தை, அவமேல ஒண்ணும் இல்லை. இது ரப்பர்" என்றாள் முத்துவடிவு. "நான்தான் கேட்டு வாங்கினேன். காலையிலேந்து சோறு தண்ணி இல்லாம எனக்காகத் தச்சிட்டிருக்கா."

"ரப்பரா? எனக்குத் தெரியாதா வாசம்? சந்தைப் பக்கம் போறப்பல்லாம் குடலைப் பிடுங்குமே!"

இதுவரை பேசாமலிருந்த சங்கரலிங்கம் குனிந்தார். ஒரு ஷீட்டின் ஓரத்தை விரலால் நிமிண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆவுடை, சந்தைப் பக்கம் போனா நீ மூக்கைப் பொத்திட்டுல்லா போவே? பொத்தின மூக்குக்குக் கருவாட்டு வாசம் எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க சும்மா இருங்க."

"இது புகையில காயப்போட்ட ரப்பர். புனலூர் வண்டியில எத்தனை வருஷம் போனேன்! என் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில பாதி நாள் இதான் சரக்கு. என் காக்கிச் சட்டையை அலசி அலசி, 'எந்த அடுப்படியில படுத்து எந்திரிச்சு வாறீக'ன்னு சண்டை போடுவியே. மறந்துபோச்சா?"

ஆவுடையம்மாள் முந்தானையை மெதுவாக மூக்கிலிருந்து எடுத்தாள்.

ஒரு மூச்சு இழுத்தாள். இன்னொன்று இழுத்தாள்.

அவள் முகத்தில் நடந்ததை முத்துவடிவு பார்த்துக்கொண்டே நின்றாள். கோபம் இறங்குவது தெரிந்தது. அது இறங்கிய இடத்தில், கல்யாணமாகி வந்த இந்த மூன்று வருஷத்தில் அவள் பார்த்திராத ஒரு பெண் வந்து நின்றாள். இரவு வண்டியோடு போய்விட்டு விடியற்காலையில் வரும் புருஷனுக்காக வெந்நீர் போட்டுக் காத்திருந்த ஒருத்தி. சந்தேகப்படவும் செய்திருப்பாள் போலிருக்கிறது, பாவம்.

"அந்த வாசமா இது?" என்றாள் ஆவுடையம்மாள் சிறிய குரலில்.

பிறகு சுதாரித்துக்கொண்டாள். "சரி, சரி. மெஹரு, கீழ வந்து சாப்பிடு. ஏட்டி வடிவு, தலைவலின்னு சொன்னவ செய்யுத வேலையா இது? என் பவுடரை என்ன செஞ்சே?"

மெஹர் வாயைப் பொத்திக்கொண்டு முதல் ஆளாகப் படியிறங்கினாள்.

நாலு மணிக்குப் பரீட்சை.

ஆவுடையம்மாள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. குத்துவிளக்கில் எண்ணெயை விளிம்பு தட்ட ஊற்றினாள். ஒரு துளி சிந்தினாலும் தீர்ப்பு உறுதி. சம்மணமிட்டு விளக்குக்கு எதிரே உட்கார்ந்தாள். சங்கரலிங்கம் நாற்காலியைப் பூஜை அறை வாசலில் போட்டுக்கொண்டார். முத்துவடிவு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஹர் படிக்கட்டின் பாதியில். மேலே கோமதிநாயகம், கம்பியில் அறுபது கிலோவைக் கோத்துக்கொண்டு.

முத்துவடிவுக்குக் காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது கேட்டது. இவ்வளவு பெரிய பயம் இவ்வளவு சின்ன அறைக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

"போடுலே!" என்றாள் ஆவுடையம்மாள்.

சுடர் அசையாமல் நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் மணி. வேறு சத்தமில்லை.

"ஏலே, போடேன்! எம்புட்டு நேரம் உக்காந்திருக்க?"

மேலேயிருந்து குரல் வந்தது. "போட்டாச்சும்மா!"

"எப்போ?"

"ரெண்டு தடவை!"

படிக்கட்டில் மெஹர் கைதட்டிவிட்டாள். ஆவுடையம்மாள் விளக்கை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தாள். எண்ணெய் அப்படியே இருந்தது. கூரையைப் பார்த்தாள். காரை அப்படியே இருந்தது. தோற்றுப்போன முகத்தோடு, ஆனால் உள்ளூரச் சந்தோஷமாக, "சரி, என் தங்கச்சி முன்னறையில இருந்துக்கிடட்டும்" என்றாள்.

முத்துவடிவு கதவிலிருந்து கையை எடுத்தாள். இனி ஒருவருக்கும் கேட்காது. ஆயுசு முழுக்கக் கேட்காது. சிரிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போது சங்கரலிங்கம் கூரையைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

"அப்ப இனிமே பதினோரு மணி வண்டியும் எனக்குக் கேக்காதுல்லா."

ஆவுடையம்மாள் திரும்பினாள். "எந்த வண்டி? பதினோரு மணிக்கு இந்த ஊருல ஏது வண்டி?"

முப்பது வருஷம் கார்டின் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு டைம்டேபிள் மனப்பாடம்.

சங்கரலிங்கம் மருமகளைப் பார்த்தார். சொல்லிவிட்டோமே என்ற சங்கடம் அவர் கண்ணில் இருந்தது. அதற்குக் கீழே, ஏதோ ஒன்றை இழந்தவரின் வருத்தமும் இருந்தது.

பேப்பருக்கு அடியில் அவர் தூங்கவே இல்லை.

மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் ஐந்தைந்து கிலோவாக ஏற்றியதை, ஒரு வாரம் காய்ச்சலில் நின்றதை, மறுபடி ஆரம்பித்ததை, எல்லாவற்றையும். முத்துவடிவுக்கு முகம் சூடானது. வெட்கம்தான் என்று நினைத்தாள். இல்லை. சில நாட்களில், மெதுவாக வைத்திருக்கக்கூடிய கம்பியை அவளே கொஞ்சம் ஓங்கிப் போட்டிருக்கிறாள். ஏன் என்று அப்போது தெரியவில்லை. யாராவது ஒருவர் கேட்கட்டும் என்றுதானா?

கோமதிநாயகம் வேர்வையோடு படியிறங்கி வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஆபத்தை உணர்ந்தான். "அப்பா எதையோ நினைச்சுக்கிட்டு..."

"இல்ல அத்தான்" என்று முத்துவடிவு குறுக்கிட்டாள். "நான்தான் அத்தை. நீங்க கோயிலுக்குப் போனப் பெறவு, பதினோரு மணிக்கு நானும் தூக்குதேன்."

ஆவுடையம்மாள் கண்ணை உயர்த்திக் கூரையைப் பார்த்தாள்.

"அந்த இரும்பையா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

'எதுக்கு?' என்ற கேள்விக்காக முத்துவடிவு காத்திருந்தாள். இப்போதும் அவளிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாமல் நிற்க முடியும் என்று தோன்றியது.

ஆவுடையம்மாள் அதைக் கேட்கவில்லை. மருமகளின் தோளை, கையை, மணிக்கட்டை, முதன்முறையாகப் பார்ப்பவள் போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். படிக்கட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மெஹரைக்கூடப் பார்த்தாள். தன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

விளக்குப் பக்கம் திரும்பித் திரியைத் தூண்டினாள்.

"நாளைக்கு நான் உச்சிக்காலத்துக்குப் போகலை. பதினோரு மணிக்கு நானும் மச்சுக்கு வாறேன்" என்றாள்.